பதினொரு நிமிடம் நாற்பது விநாடி

முதல் இருபத்திரண்டு நிமிடமும் ஒரு பிறந்தநாள்.
அவ்வளவு நேரத்தில்
கேக்கை நாங்களே வெட்டி முடித்திருப்போம்.
யான்னிக்குக்கு முப்பது வயதானால் எனக்கென்ன,
அவனுடைய பழைய காதலி
பல்கனியில் நின்று அழுதால் எனக்கென்ன.
பக்கத்து இருக்கையில் கேதீஸ்
சோளப்பொரி வாளியின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு, மேசையில் இருந்த வைன் குவளைகள்
ஒன்றையொன்று மெல்ல முட்டிக்கொண்டன.
யாரும் திரும்பவில்லை, கமெராவைத் தவிர.
அந்த ஒரு கிணிங்குக்காக
இருபத்திரண்டு நிமிடத்தையும் மன்னித்தேன்.

எங்கள் ஊரில் எடுத்த படம்.
வூப்பர்ட்டாலில், நான் வேலைக்கு ஏறுகிற
அதே தொங்கு ரயில்
ஆற்றுக்கு மேலே விளக்கெரிய வளைந்து வருகிறது.
ஒரு கை.
கை என்றும் சொல்ல முடியாது,
மரப்பட்டை ஊறினமாதிரி ஏதோ ஒன்று
பந்தலில் புடலங்காய் பறிப்பதுபோல
பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகிறது.
தியேட்டரில் ஒரு இருமல்கூட இல்லை.

முழுதாகக் காட்டாததுதான் அந்த இயக்குநரின் கெட்டித்தனம்.
ஒரு முழங்கால்.
புகைக்குள் முதுகின் ஒரு பக்கம்.
மருந்துக்கடைக் கண்ணாடியில் தலைகீழாய்த் தாடை.
மிச்சத்தை இருட்டில் இருந்து
நாங்கள்தான் வளர்த்தோம், ஆளுக்கொரு அளவில்.
கேதீஸின் மிருகத்துக்கு வால் இருந்ததாம்.
என்னுடையதற்கு இல்லை.

அப்படியே விட்டிருக்கலாம்.
கடைசி ஐந்து நிமிடம் பட்டப்பகலில்
மேலிருந்து கீழ்வரை காட்டினார்கள்,
குளியல்தொட்டியில் பிள்ளைகள் மிதக்கவிடுகிற சாமான் மாதிரி.
முன்வரிசையில் ஒரு பெடியன் சிரித்தே விட்டான்.

ஸ்டேசன் படியில் கேதீஸ் தொடங்கினான்:
‘உயிர் போற நேரத்தில எவனாவது படம் பிடிப்பானா?
பக்கத்தில நிக்கிறவளைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டானா?
ஏழு மணித்தியாலம் பற்றரி நிண்டதாம்,
என்ர போன் மத்தியானமே செத்துப்போகுது.’

நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் போனில்
பதினொரு நிமிடம் நாற்பது விநாடி இருக்கிறது.
வூப்பர் படியேறி வந்த அந்த ஜூலை இரவு.
மண்ணிறத் தண்ணீர், தபால்பெட்டிகளுக்குக் கீழே ஒரு விரற்கடை.
கீழ்வீட்டு ஃப்ராவ் டீக்மன்
இடுப்பளவில் நின்று
அக்கார்டியன் பெட்டியை என் பக்கம் நீட்டுகிறாள்.
பிடியுங்கள், பிடியுங்கள் என்கிறாள்.
டொச்சில் அவள் சொன்ன சொல்லுக்கு
அங்கே ஒரே பொருள்தான்.
தமிழில்தான் இரண்டு.
நான் பிடித்தேன்,
பெட்டியை அல்ல.

மூன்றாம் மாடி ரெனாத்தோ ஓடி வந்து
என்னை இடித்துக்கொண்டு இறங்கி
அவளைத் தூக்கி வருவதும் அதில் இருக்கிறது,
நல்ல வெளிச்சத்தில், நடுவில் நிறுத்தி.
பெட்டி போய்விட்டது.
காப்புறுதிக்காரருக்கு அந்த வீடியோ பெரிய உதவியாம்.
அடுத்த மாதம் எனக்கு
ஒரு பிளம் கேக் சுட்டுக்கொண்டு வந்தாள்.

படத்தில் கமெரா பிடித்தவனின் முகம்
ஒரு இடத்திலும் வரவில்லை.
அதைக் குறை என்று சொல்ல வைத்திருந்தேன்,
சொல்லவில்லை.
ஆனால் ஒன்று பொய்.
அவன் கை தொண்ணூறு நிமிடமும் நடுங்குகிறது,
பார்த்தவர்களுக்குத் தலை சுற்றுமளவுக்கு.
என்னுடையதைப் போட்டுப் பாருங்கள்,
கல்லில் வைத்து எடுத்ததுபோல் இருக்கும்.

‘பத்துக்கு எத்தனை குடுப்பாய்?’ என்றான் கேதீஸ்.
‘ஆறு.’
‘வால் இருந்திருந்தா?’
‘ஏழு.’

ரயில் தொங்கிக்கொண்டு வந்து நின்றது.
ஏறும்போது வழமைபோல் ஒரு ஆட்டம்.
கீழே ஆறு, இருட்டில்,
எவ்வளவு பெரிதென்று தெரியாமல்.