தலைப்பு மாற்றம்

அந்தக் குறிப்பை எழுதியது நான்தான்.
சேலம் கோட்டம், கணக்குப் பிரிவு, இரண்டாம் மாடி,
மின்விசிறி ஓடாத பக்கம்.
'வேலங்காட்டுப்பாளையம் நடைமேம்பாலத் தொகை
தானியங்கிப் பிரேக் தலைப்புக்கு மாற்றப்படுகிறது.'
மார்ச் மாதம். மேலிடத்துக் கெடு.
கூட்டிப் பார்த்தேன், பைசா பிசகவில்லை.

பிறகு கட்டைகளுக்கு நடுவே
சோப்புக்கட்டி அளவில் பட்டைகள் பதித்தார்கள்.
மேலே ஓடும் வண்டி
நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கும்.
பதில் வராவிட்டால் நின்றுவிடும்.

நின்றது, கோதுமை வண்டி,
ஈங்கூர் தாண்டி, ஒன்றுமே இல்லாத இடத்தில்.
ஓட்டுநர் சென்னியப்பன் எழுதிய விளக்கம்
எங்கள் மேசைக்கும் வந்தது:
'நானு நிறுத்தலீங்க. அதுவா நின்னுக்கிச்சுங்க.
சோளக்காட்டுல ஒரு மயில் இருந்துச்சு.
அதுகூட லைனுக்கு வல்லீங்க.'
சிரித்தோம். கோப்பில் கட்டினோம்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, இரண்டே கால்,
ஒரே தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி.
முந்நூற்று நாற்பது மீட்டர் மிச்சம் இருக்க
இரண்டும் தாமாகவே நின்றன.
உள்ளே ஆயிரத்து நூறு பேர் தூக்கத்தில்.
ஈரோட்டுக்கு லேட் என்று
எஸ் ஆறில் ஒருவர் மட்டும் சத்தம் போட்டார்.
பேப்பரில் வரவில்லை.
நடக்காததை யார் படம் எடுப்பது?

ஒன்பது நாள் கழித்து
கோதுமை வண்டி மறுபடி நின்றது,
இந்தத் தடவை வேலங்காட்டுப்பாளையத்தில், பாதையை அடைத்து.
பனியன் கம்பெனி ஷிப்டுக்கு நேரமாச்சு.
டிபன் பாக்ஸை முன்னால் தள்ளிவிட்டு
இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து
அந்தப் பக்கம் நிமிர்ந்தாள் துளசிமணி.
அடுத்த தடத்தில் எக்ஸ்பிரஸ்.
அதன் கருவியில் ஒரு குறையும் இல்லை.
முன்னால் வண்டி ஏதும் இல்லையென்று
சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

'அத்துமீறி நுழைந்தவர்.'
அந்தத் தலைப்பில் பணம் கிடையாது.

அவள் வீட்டுக்காரர் கோவிந்தசாமி
மாடி ஏறி வந்தார், சட்டையில் நூல் பிசிறோடு.
பணம் கேட்கவில்லை.
'பாலம் எப்பங்க வரும்?
புள்ள அந்த வழியாத்தான் டியூசன் போகோணும்.'

ஆயிரத்து நூறு பேரைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது.
கேனைச் சாய்த்துத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.
மார்ச்சுங்க, என்றேன்.
எந்த மார்ச் என்று அவர் கேட்கவில்லை.
தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.