ஜோர்

மால்டாவிலிருந்து வந்திருக்கும் மிதாலி
சுவிட்ச்போர்டுக்குக் கீழே உள்ளங்கை வைத்து
"ஜோர்" என்றாள்.
தனகோட்டி சிரித்தார்:
"பாத்தியா இல்யாசு, ரூமு ஜோரா கீதுன்னுது."

மூன்று வாரமாகக் கணவன் நெற்றியில்
இரண்டு மணிக்கொரு தரம் பதிகிற கை.
தெரியாதா அதற்கு?
நானும் தொட்டுப் பார்த்தேன்.
ஜுரம்தான். சுவருக்கு.

சைதாப்பேட்டைச் சந்து,
பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்.
தான் குடியிருக்கக் கட்டிய வீட்டில்
மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே லைன் இழுத்திருந்தார்.
ஒரு ஸ்கொயர் வயர்;
மூன்று பல்பு, மூன்று ஃபேன்,
எப்போதாவது ஒரு டேப் ரிக்கார்டர்.
இன்றைக்கு அறைக்கொரு நோயாளி,
நோயாளிக்கொரு இண்டக்‌ஷன் அடுப்பு.
பதினோரு மணிக்குக் கடுகெண்ணெய் வாசத்தில்
மூன்று மீன்குழம்பும் ஒன்றாய்க் கொதிக்கின்றன.
அடுப்புக்கு ஒன்பது ஆம்பியர்,
ஆக இருபத்தேழு.
அந்த வயர் தாங்குவது பதினொன்று,
அதுவும் மே மாதம் இல்லாத ஊரில்.

"எம்சிபி சும்மா சும்மா விழுந்துச்சு.
பெருசா ஒண்ணு மாட்ட்டேன்.
இப்ப ஒரு தொல்லையும் இல்ல."
பத்தைக் கழற்றி முப்பத்திரண்டு!
அந்த வீட்டில் உண்மை பேசியது
அது ஒன்றுதான்.

பழைய வயரை உருவினேன்.
மேல்தோல் வத்தலாய் நொறுங்கியது.
ஒரு முழத்துக்குக் கறுத்த செம்பு,
மேலே ஒன்றும் போர்த்தாமல்.

"ரெண்டரை போடேம்பா, நாலு எதுக்கு?
காயிலு இன்னா வெல விக்குது!"
அடுத்த கோடைக்கு ஏசி கேட்பார்கள்,
வாடகைக்காக நீங்களும் மாட்டுவீர்கள்,
இன்றைய அடுப்பை மட்டும் அளந்து வயர் எடுத்தால்
அன்றைக்கு யார் போய்ச் சுவருக்குள் பார்ப்பது
என்றேன்.
விரலால் காற்றில் கணக்குப் போட்டு
நாலுக்கு ஒப்புக்கொண்டார்.

முக்கால் இஞ்ச் பைப்பில் ஒன்பது வயர் நுழைய மறுத்தது.
வெளியே கேசிங் அடித்தேன்.
அறைக்கொரு லைன், லைனுக்கொரு இருபது.

சாயங்காலம் மிதாலி
மறுபடி சுவரைத் தொட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து
நெற்றியில் கை வைத்தாள்.
அங்கே அந்தச் சொல் அப்படியே இருந்தது.

தனகோட்டி உரித்த செம்பை எடைக்குக் கட்டி வைத்தார்.
வாசல் போர்டில்
முன்னூற்றைம்பதை அழித்து
நானூறு எழுதினார்,
தமிழில் ஒன்று,
வங்காளத்தில் ஒன்று.