ஏழு மணி

செகண்ட் லைன் பீச்சில்
அத்தோ பிசைகிறவர் கேட்டார்:
"மோரே போனீங்களாமே,
எங்க சித்தப்பா கடை இருக்கா?"

இருக்கு என்றேன். பொய்யில்லை.
பலகை இருக்கிறது. கீழே
நேபாளி ஒருவர் செருப்பு விற்கிறார்,
"கட்டுப்படி ஆவாது சார்" என்று
நம்ம ராகத்திலேயே.

மலைப்பாதையில் மூன்று சாவடி.
மூன்றிலும் அட்டையைத் திருப்பிப் பார்த்து
"சென்னையா?" என்று சிரித்தார்கள்,
பக்கத்துத் தெருவைக் கேட்பதுபோல.

கன்னத்தில் தனாக்கா பூசியவள்
இட்லிக்குக் கெட்டிச் சட்னி கேட்டுச் சண்டை போட்டாள்.
மெய்தி ஆட்டோக்காரர் தொம்பி
இறக்கிவிட்டு "வரட்டா" என்றார்.

எல்லை கேட் வரை நடந்தேன்.
நான் தாண்டவில்லை, போன் தாண்டிவிட்டது:
ஐந்தரை, சட்டென்று ஆறரை.
பின்னால் வந்தேன், ஐந்தரை.
சின்னப் பிள்ளைபோல நாலு முறை.
காவல்காரன் வெற்றிலையை மென்றபடி
வேறெங்கோ பார்த்தான்.
ஐந்தாம் முறை ஆறரையிலேயே
கடிகாரத்தைப் பூட்டினேன்.

இதெல்லாம் சொல்லவில்லை.
அவர் கேட்டது கடையை.

"பலகை பச்சைதானே?"
"நீலம்."
"அப்ப யாரோ அடிச்சிருக்காங்க."
கை நிற்கவில்லை.
கோஸ், புளித்தண்ணி, பொரித்த பூண்டு,
பேஜோவை நொறுக்கிய சத்தம்.
வாழைத்தண்டு சூப்பு, கேட்காமலே இரண்டாவது கிண்ணம்.

"மணி என்ன சார்?"
போனைப் பார்த்து
"ஏழு" என்றேன்.
எதிரே ஆறு மணி தாம்பரம் வண்டி
அப்போதுதான் நகர்ந்தது.

"கேட்டைச் சாத்தியிருப்பாங்க" என்றார்,
என் சில்லறையை எண்ணியபடி.