அன்றிரவு இங்கே தூங்கியவர்கள்

இயற்பியல் பட்டத்துக்கு
மூன்று வார வேலை கிடைத்தது:
சாட்ஸ்வர்த்தில் படியேறிப் படியிறங்கி
தலைகளை எண்ணுவது.
கழுத்து அட்டையில் மூன்சாமி என்றிருக்கும்.
முனுசாமி என்று ஒருவர் சொன்னதை
டர்பன் துறைமுகத்துக் குமாஸ்தா
அப்படிக் காதில் வாங்கிக்கொண்டான்.
நிலாவைச் சம்பாதிக்க
எங்கள் குடும்பம் வேறொன்றும் செய்யவில்லை.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
அன்றிரவு இந்த வீட்டில் தூங்கியவர் யார் யார்?

நெடுஞ்சாலை ஓரத்து ராமையா டீச்சர்
ஒரு விரலைக் காட்டிவிட்டுக் கம்பிக்கதவைச் சாத்தினார்.
மூன்று பிள்ளைகள், மூன்றும் ஜோகன்னஸ்பர்க்.
புதனுக்கு நிலா இல்லாதது
புதனின் குணத்தால் அல்ல.
சூரியன் அத்தனை பக்கத்தில் எரியும்போது
கைக்கு வந்தது கையில் தங்காது.

படையாச்சி வீட்டில் ஒரு மணி நேரம்.
அவர் பெருக்கப் பெருக்க
சுற்றிலும் சிந்திய மாவில்
தானாக உருண்ட நாலு மகன்கள்,
ஒரே முற்றம், ஒரே திசையில் நடை.
அதற்கப்பால்
கல்யாணத்துக்கு வந்து திரும்பிப் போகாதவர்கள்,
கோணலாகவும் எதிராகவும் சுற்றுகிற
சின்னச் சின்னக் கற்கள்.
வியாழன்தான், சந்தேகமில்லை.
"ஆறு நாள் குழந்தை, அதையும் எழுதணுமா?"
எழுத வேண்டும்.
எந்த அளவுக்குக் கீழே கல் என்பது,
எதற்கு மேலே நிலா என்பது?
நான் படிக்கும்போது சனிக்கு அறுபத்துச் சொச்சம்.
இப்போது இருநூறைத் தாண்டிவிட்டதாம்.
சனி பெற்றுப் போடவில்லை,
நாம்தான் கதவைத் தட்டிப் பார்த்தோம்.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
தெருவே அணைந்து வானம் இறங்கி வந்தது.
கடைசி வீடு. மிசஸ் நைக்கர்
மெழுகுவத்தியோடு வாசலில் நின்று
குரலைத் தாழ்த்தினார்:
"பின்னாடி ஷெட்ல ஒருத்தன் இருக்கான்.
எழுதிடாதே. அவன் நம்ம ஆளு இல்ல."

ஷெட்டில் லிம்பானி, மலாவிக்காரன்,
கார் பேட்டரி வெளிச்சத்தில்
யாருடைய ரேடியோவையோ பிரித்துக்கொண்டிருந்தான்.
எத்தனை பேர் தூங்கினீர்கள் என்றேன்.
ஒருவர் என்று சொல்ல
நேரம் எடுத்துக்கொண்டான்.
அண்ணனோடு வந்தானாம்.
எல்லையில் லாரிக்காரன் கேட்ட பணம்
ஒருவனுக்குத்தான் போதும்.

நெப்டியூனை நினைத்துக்கொண்டேன்.
வேகமாக வருவதை எந்தக் கோளும்
சும்மா பிடித்துவிட முடியாது.
வந்த வேகத்திலேயே வளைந்து போய்விடும்.
நிற்க வேண்டுமானால் அந்த வேகத்தை
யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும்.
டிரைட்டன் ஜோடியாக வந்திருக்கும் என்கிறார்கள்.
கூட வந்தது
இருவரின் வேகத்தையும் வாங்கிக்கொண்டு
இருட்டுக்குள் எறியப்பட்டது.
தங்கியது, இன்றுவரை
கோள் சுழலும் திசைக்கு எதிராக நடக்கிறது.
பழைய நிலாக்களை அது இடித்து உடைத்ததாம்,
அதுவும் உண்மையாக இருக்கலாம்.
கணக்கில் மட்டும்
நெப்டியூனின் நிலா என்றே எழுதுகிறோம்.

அடுத்த கட்டம்: வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு?
மகன், மருமகள், பேரன், வாடகைக்காரர், மற்றவை.
திரையின் மேல் என் விரல் நின்றது.
பேட்டரியில் பன்னிரண்டு சதவீதம்.

சமையலறை ஜன்னலிலிருந்து நைக்கரம்மா:
"எழுதறதுன்னா எழுதிக்கோ.
ஆனா நேத்து மீன் குழம்பு குடுத்த தட்டை
இன்னும் திருப்பித் தரலேன்னு
அவன்கிட்ட சொல்லு."