இடக்கைப் பழக்கம்

காளவாசல் பைபாஸில் எங்கள் கடை.
நாலு வண்டி.
நாலுக்கும் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து:
ஓட்டுகிறவர் சொந்தக்காரர் இல்லையென்று
ஊருக்கே தெரியும்.

மேசைமேல் அவள் வைத்தது
ரோஜா நிறத்தில் ஓர் அட்டை,
சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம்.
புத்தகத்தில் ரஷ்யம் இருந்தது, அரபி இருந்தது,
சீனத்தில் கட்டங்கட்டமாய் என்னவோ இருந்தது.
தமிழைத் தேடிப் பின்னட்டைவரை புரட்டினேன்.
"சர்வதேசச் சாரதி அனுமதிப் பத்திரம்" என்றாள் தமிழில்.
பெயர் மயூரதி. பிறந்தது டென்மார்க்.
எங்களுக்குச் சாரதி என்றால் தேர் ஓட்டுபவன்.
அவனை யாரும் மறித்து லைசென்ஸ் கேட்டதில்லை.

முன்பணம் பத்தாயிரம்.
நாலு நாள், நாளுக்கு முந்நூறு கிலோமீட்டர்.
பழைய கீறல்களை இருவருமாய்ப் படம் பிடித்தோம்:
பின்பம்பரில் இரண்டு,
இடக்கதவில், ஆவணி மூல வீதியில்
ஓர் ஆட்டோ இழுத்துவிட்டுப் போன கோடு.

பழகிக்கொள்ள ஒரு சுற்று, நானும் கூட.
இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தவள்
ஸ்டியரிங் இல்லாத இடத்தைச் சற்றுநேரம் பார்த்தாள்.
இறங்கிச் சுற்றிவந்தாள்.

பழங்காநத்தத்தில் திரும்பும்போது
இடக்கை போய்க் குச்சியைத் தட்ட
வைப்பர் எழுந்து ஆடியது.
சித்திரை வெயில். தார் இளகும் நேரம்.
திருப்பத்துக்குத் திருப்பம் எங்கள் வண்டி மட்டும்
மழையைத் துடைத்துக்கொண்டே போனது.
"அங்கை சிக்னல் இடக்கையிலதான்.
மூளைக்குத் தெரியுது, கை கேக்குதில்லை."
ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்:
"எங்கக்கா பெய்யுது? சொல்லிட்டுப் போங்க,
நாங்களும் வர்றோம்."

பெரியார் நிலையத்தருகே வெள்ளைக்கோட்டில்
நின்றேவிட்டாள்.
மஞ்சப்பையோடு ஒருவர் ஓரத்தில்.
இவள் கைகாட்டினாள், போங்கோ.
அவர் கைகாட்டினார், போம்மா.
இவள் மறுபடி. அவர் மறுபடி.
பின்னால் திருமங்கலம் பஸ்
தன் ஆரன் மொத்தத்தையும் எங்கள் முதுகில் இறக்கியது.
"இவர் ஏன் கோவிக்கிறார்?"
கோபமில்லை, இங்கே அதற்கு
'நானும் இருக்கேன்' என்று அர்த்தம், என்றேன்.
அவளும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்,
சபையில் இருமுகிற மாதிரி.

எங்கே போறீங்க, கொடைக்கானலா, ராமேஸ்வரமா?
படிவத்தில் அந்தக் கட்டம் காலியாய் இருந்தது.
"உச்சப்பட்டி."
அங்கே பார்க்க ஒன்றுமில்லையே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"முகாமில அம்மா ஆறு வருசம் இருந்தவ.
வெளியில போறதெண்டா எழுதிக் குடுக்கவேணும்,
பின்னேரம் ஆறுக்கு முன்னம் திரும்பவேணும்.
நான் கார் ஓடிக்கொண்டு போகப்போறன் எண்டு
நேற்று போனில சொன்னனான்.
கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை.
பிறகு, பெல்ட்டைப் போடு எண்டா."

நாலு நாளுக்குக் கட்டியவள்
அன்றைக்கே சாவியோடு வந்து நின்றாள்.
ஓடியது நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.
மிச்ச நாளுக்குக் காசு திரும்பாது, என்றேன்.
தெரியும், என்றாள்.
உள்ளே விட்டார்களா, வெளியிலேயே நின்றாளா,
யாரிடம் என்ன பேசினாள்,
கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

புதுக் கீறல் தேடினேன்.
பம்பர் சரி. கதவு சரி.
முன்கண்ணாடியில் மட்டும்
காய்ந்த புழுதியை இழுத்த அரைவட்டம் இரண்டு.
"ரப்பர் போச்சு, கண்ணாடியும் தேஞ்சிருக்கு,
முன்பணத்துல பிடிங்க" என்றார் மெக்கானிக் சிக்கந்தர்.
சேதம் இல்லை, என்று எழுதினேன்.
அவள் கையெழுத்துப் போட்டு ஆட்டோ ஏறிப் போனாள்.

திரும்பிய நேரம் என்ற இடத்தில்
ஐந்தே முக்கால் என்று எழுதும்போதுதான்
கடிகாரத்தை
இன்னொரு முறை பார்த்தேன்.