தளர்வான முடிச்சு

மஞ்சள் காதுவில்லை, எண் நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டுக் கிலோ.
ஆர்ஹஸ் வந்துசேரும்வரை லாரியில்
ஓயாமல் கத்தியதாம்.
இப்போது என் முழங்காலை முகர்ந்து
ஆப்பிள் துண்டு இன்னும் உண்டா என்கிறது.
இல்லை. இன்று பட்டினி போட உத்தரவு.

வயிற்றை மழிப்பது என் வேலை.
மயக்கத்தில் அதன் தோல்
கடற்கரையில் வெயில் காய்ந்த
என் அண்ணன் எஸ்கிலின் முதுகு மாதிரியே
சிவந்து, செம்பட்டை மயிரோடு.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சோல்வை வருகிறாள். மூன்றாம் ஆண்டுப் பயிற்சி.
போன வாரம் முப்பத்தொன்பதின் போர்ட்டல் நாளத்தில்
முடிச்சை இறுக்கிவிட்டாள்.
மணல்கடிகார இடுப்பாய் நாளம் நெரிந்து
குடல் கருநீலமாய் வீங்கியது.
அன்று உடைமாற்றும் அறையில்
காலுறையைக்கூடக் கழற்றாமல்
நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்று நாற்பதின் ஈரல்
பனிக்கூழில் காத்திருக்கிறது.
நாற்பது இல்லை.
இந்த வாக்கியத்தை இதற்குமேல் நீட்ட
எனக்குத் தெரியவில்லை.

இமைமயிரினும் மெல்லிய நீல நூல்.
சுற்றித் தைத்து வந்தவள்
கடைசி முடிச்சை நாளத்தில் உட்காரவிடாமல்
ஒரு விரற்கடை தள்ளிப் போடுகிறாள்,
இரத்தம் வந்து விரியட்டும் என்று.

கிளாம்ப் திறக்கிறது.
அழுத்தம் சரிகிறது: எழுபது, ஐம்பது, முப்பத்தெட்டு.
எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது.
மேசைமேல் அந்த இரவல் ஈரலோ
ஓரத்திலிருந்து
மெல்லச் சிவந்துகொண்டு வருகிறது.

ஐம்பத்தொன்று. அறுபத்தாறு.
யாரும் கைதட்டவில்லை.

விதிப்படி, இனி விழிக்கக் கூடாது; விழித்தால் வலி.
ஊசியில் மருந்தை நிரப்பிவிட்டேன்.
"கொஞ்சம் பொறுங்கள்" என்கிறாள்.
பித்தக்குழாயின் முனையில்
ஒரு துளி திரள்கிறது, தேன்நிறத்தில்.
நாற்பதின் ஈரல்
நாற்பத்தொன்றின் இரத்தத்தில்
வேலைக்குத் திரும்பிவிட்டது,
நான்கு நிமிட வேலைதான் என்று தெரியாமல்.

துளி விழுந்தது. அழுத்தினேன்.
நேரம் பதினான்கு ஐம்பத்திரண்டு.

பிப்ரவரியில் ஓர் இரவு மூன்று மணிக்கு
அவளுக்கு அழைப்பு வந்ததாம்.
விபோர்க் பேருந்து ஓட்டுநர் ஒருவர்.
போர்ட்டல் நாளம் அவள் தைத்ததுதானாம்.
மனிதர் நடந்தே வெளியே போனாராம்.
எல்லாம் காதில் விழுந்தது; அவள் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை கொட்டடிக்கு வந்தாள்,
கையில் பை நிறைய ஆப்பிள்.
கம்பிக்கிடையே மூக்கை நீட்டி
ஐம்பத்தெட்டு அவள் விரல்களை முகர்ந்தது.
"இன்று அதற்குப் பட்டினி" என்றேன்.
பையை மூடினாள்.
கையை மட்டும் எடுக்கவில்லை.