ஒன்பதாம் நம்பர் ஊசி

சுருங்காது என்று சத்தியம் செய்தார்
சேலம் கடைவீதிக்காரர்.
அவரை நம்பினேன்,
கம்பளியை நம்பவில்லை.

எட்டு, ஒன்பது, பத்து:
மூன்று நம்பர் ஊசியில்
உள்ளங்கை அகலத்துக்கு மூன்று துண்டுகள்.
எது எதுவென்று மறக்காதிருக்க
வால்நூலில் ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று.
ஒன்பதாம் நம்பரில் நாலு அங்குலத்துக்கு
இருபத்திரண்டு கண்ணி.
மாதேசுக்கு மார்பு நாற்பது.
இருநூற்றிருபது போட்டுத் தொடங்கிவிடலாம்,
கை அரித்தது.

தொடங்கவில்லை.
மக்கில் வெதுவெதுப்பாய்த் தண்ணீர்,
ஒரு சொட்டு ஷாம்பு.
கசக்காமல், பிழியாமல்,
வெந்த இடியாப்பத்தை எடுப்பதுபோல் எடுத்து
பூந்துவாலையில் சுருட்டி
ஏறி ஒருமுறை நின்றேன்.
மக்கில் மிச்சம்
காப்பிப் பழத் தோல் ஊறிய நிறம்.
அவருடைய காக்கிச் சட்டையில் இறங்கியிருக்க வேண்டியது.

ஏற்காட்டில் நவம்பரில் எதுவும் காய்வதில்லை.
முதல் நாள் ஈரம்.
இரண்டாம் நாள் அதைவிட ஈரம்.
மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்தால்
மழையில் நின்ற ஆடு.
ஜன்னலுக்கு வெளியே ஏரியைக் காணோம்,
ஏரி இருந்த இடத்தில் மேகம் உட்கார்ந்திருக்கிறது.

'எங்கிட்ட குடு' என்றார்,
விடியல் நடைக்குக் கிளம்பும்போது.
'இன்ஜின் மூடி மேல போட்டுக்கறேன்,
அந்தச் சூடு சும்மாதான போகுது.'

மூன்று துண்டும்
இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போயின.

கண்டக்டர் அர்த்தநாரி முதலில் சிரித்தாராம்,
'என்னண்ணே, பொம்மைக்குப் போர்வையா?'
பிறகு அடிவாரத்து டீக்கடைப் பையனிடம்
ஸ்கேல் கடன் வாங்கி
பேனா முனையால் கண்ணி கண்ணியாய் எண்ணி
கிழித்த டிக்கெட்டின் பின்புறம்
எழுதிக் கொடுத்திருக்கிறார்:
ஒரு முடிச்சு, 19.
இரண்டு முடிச்சு, 21.
மூன்று முடிச்சு, 23½.
கீழே பொடி எழுத்தில்:
அந்த அரை டிரைவர் சொன்னது,
எனக்குச் சம்மதமில்லை.

இரவு அவை மேலே வந்து சேர்ந்தபோது
இரண்டு முடிச்சை நான் அளந்தேன்.
இருபது.
மறுபடி மேகம் குடித்து
கால்நீட்டிப் படுத்திருந்தது.

துவைக்குமுன் இருபத்திரண்டு,
அடிவாரத்தில் இருபத்தொன்று,
வீட்டில் இருபது.
துண்டில் ஒரு கண்ணி ஒன்றுமேயில்லை.
ஓர் உடம்பைச் சுற்றி வரும்போது
இரண்டு அங்குலம்.
அப்படியே தொடங்கியிருந்தால்
நாற்பத்து நாலில் எவனோ ஒருத்தனுக்கு
ஸ்வெட்டர் தயாராகியிருக்கும்.
எனக்குத் தெரியாதவன்,
நல்ல தொப்பைக்காரன்.

'எந்த ஊர் அளவில் பின்னட்டும்?' என்றேன்.
சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.
கிளம்பும்போது கழுத்துவரை வேணும்.
பதினாலாவது வளைவில் காது சூடாகும்.
ஏழில் புழுங்கும்.
அடிவாரத்தில் கழற்றி சீட்டுக்குப் பின்னால்.
திரும்பி ஏறும்போது
பதினொன்றிலேயே குளிர் பிடிக்கும்,
ரெண்டு கையும் ஸ்டியரிங்கில்.

பிறகு, மோரை ஊற்றிக்கொண்டே:
'தலைவழியாக் கழட்டுற மாதிரின்னா
எந்த வளைவுல நான் கண்ண மூடுறது?'

மூன்று மாதமாய் மனதில் பின்னி முடித்திருந்த
அந்த வட்டக் கழுத்தை
ஒரே இழுப்பில் பிரித்தேன்.
முன்பக்கம் திறப்பு. பெரிய பொத்தான்கள்,
பார்க்காமல் விரலுக்குக் கிடைக்கிற மாதிரி.

ஒரு முடிச்சும் மூன்று முடிச்சும்
என் டப்பாவில் இருக்கின்றன.
இரண்டு முடிச்சை மறுநாள் எடுத்துப் போனவர்
திருப்பித் தரவில்லை.
கண்ணாடியில் மேகம் படிந்தால் அதால்தான் துடைக்கிறாராம்,
தினம் நாலு நடை.
ஞாயிற்றுக்கிழமை சட்டைப்பையிலிருந்து உருவி அளந்தேன்.
டீசல் வாடை, ஓரம் கொஞ்சம் சுருண்டு,
பத்தொன்பதே முக்கால்.

இருக்கட்டும்.
இருநூறு கண்ணி போட்டுவிட்டேன்.